ஆம்புலன்ஸும் ஆஸ்பத்திரியும் ரேடியோல பேசிக்கறது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுசா ஆம்புலன்ஸ் வேலைக்கு வர்றவங்க, எமர்ஜென்சி வார்டுல முதல் தடவை ரேடியோ முன்னாடி உக்கார்ற நர்ஸுங்க, நோயாளி கூட வண்டில ஏறின சொந்தக்காரங்கன்னு மூணு பக்கத்துலேர்ந்தும் ஒரே சந்தேகங்கதான் திரும்பத் திரும்ப வருது. அதான் ஒரே இடத்துல எழுதி வெச்சுடலாம்னு உக்காந்தேன். கேட்டவங்க கேட்ட மாதிரியே கேள்விய போட்டிருக்கேன். நாட்டுக்கு நாடு கருவி மாறும், சேனல் பேர் மாறும், ஆனா வேலை செய்யற விதம் பெரும்பாலும் ஒண்ணுதான்.

எல்லார் கைலயும் போன் இருக்கு, இன்னும் எதுக்கு இந்த கரகர ரேடியோ?

போன்ல நம்பர் போடணும், ரிங் போகணும், யாராவது வந்து எடுக்கணும். ரேடியோல பட்டனை அமுக்கி பேசினா அடுத்த செகண்டே எமர்ஜென்சி வார்டு ஸ்பீக்கர்ல குரல் கேக்கும், நர்ஸ் கைல வேற வேலை ஓடிட்டு இருந்தாலும் காதுல விழும், பக்கத்துல நிக்கற டாக்டருக்கும் விழும், யாரும் யாருக்கும் திருப்பி சொல்ல வேண்டியதில்ல.

இன்னொரு காரணம் இதவிட முக்கியம். வெள்ளம், நிலநடுக்கம், பெரிய விபத்துன்னு வந்தா ஊர்ல இருக்கற அத்தனை பேரும் ஒரே நேரத்துல போன் பண்ணுவாங்க, டவர் திணறிடும், சில சமயம் டவர்லயே கரண்ட் இருக்காது. ரேடியோ சேனல் பொதுமக்கள் கூட்டத்தோட போட்டி போடாது, அது இந்த வேலைக்குன்னே ஒதுக்கினது. அதுக்காக போன் வேண்டாம்னு சொல்லல, நிறைய இடத்துல இன்னிக்கு போன்தான் முதல் வழி, ரேடியோ அதுக்கு பின்னாடி நிக்குது. ரெண்டுல ஒண்ணு மட்டும் போதும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

வண்டிய அனுப்பற கன்ட்ரோல் ரூமும் ஆஸ்பத்திரியும் ஒரே சேனல்லயா பேசுவாங்க?

பெரும்பாலும் இல்ல. எந்த வண்டி எங்க போகணும், எங்க நிக்குது, இதெல்லாம் டிஸ்பாட்ச் சேனல். நோயாளிய பத்தி பேசறது தனி மெடிக்கல் சேனல். ரெண்டையும் ஒண்ணா வெச்சா ஒருத்தரோட நெஞ்சு வலிய பத்தி பேசிட்டு இருக்கும்போது அடுத்த வண்டிக்கு அட்ரஸ் சொல்ல முடியாம போயிடும்.

சின்ன ஊர்கள்ல எல்லாத்துக்கும் ஒரே சேனல் இருக்கறதும் உண்டு, அங்க பேச்ச இன்னும் சுருக்கணும்.

ஆஸ்பத்திரில யார் பதில் சொல்றாங்க? டாக்டரா?

இடத்துக்கு இடம் மாறும். சும்மா வர்றோம்னு தகவல் சொல்றதுக்கு பயிற்சி எடுத்த நர்ஸ் போதும், மருந்துக்கு அனுமதி கேக்கணும்னா டாக்டர் மைக்குக்கு வரணும். கலிஃபோர்னியால 1970-ல பாராமெடிக்குக்கு (ஆம்புலன்ஸ்ல சிகிச்சை குடுக்க பயிற்சி எடுத்தவர்) சட்டம் கொண்டு வந்தப்பவே டாக்டரோ நர்ஸோ தொடர்புல இருந்து வழி சொல்லணும்னுதான் வெச்சாங்க, ஆம்புலன்ஸ் ரேடியோல உத்தரவு குடுக்கறதுக்குன்னே தனி சான்றிதழ் வாங்கின நர்ஸுங்க அங்க இன்னிக்கும் இருக்காங்க.

ஒரு விஷயம் மட்டும் எங்கயும் பொது. ரேடியோ இருக்கற இடத்துல ஆள் இருக்கணும். ரேடியோவ ஒரு ரூம்ல பூட்டி வெச்சுட்டு வால்யூமையும் குறைச்சு வெச்சா அந்த ஆஸ்பத்திரில ரேடியோ இல்லன்னுதான் அர்த்தம்.

என்னதான் பேசணும்? எவ்வளவு நேரம்?

ஒரு நிமிஷத்துக்குள்ள முடியணும், முடிஞ்சா முப்பது நாப்பது செகண்ட்ல. நீங்க பேசறதோட நோக்கம் ஒண்ணே ஒண்ணுதான், நீங்க வாசலுக்கு வர்றதுக்குள்ள அங்க என்ன தயாரா இருக்கணும்னு அவங்களுக்கு புரியணும். நோயாளியோட மொத்த கதையும் அங்க போய் சொல்லிக்கலாம்.

உதாரணத்துக்கு: "68 வயசு ஆண், 40 நிமிஷமா நெஞ்சு வலி, இடது கைக்கு பரவுது, வேர்த்து கொட்டுது, சுகர் உண்டு. பிரஷர் 96-க்கு 60, பல்ஸ் 110, ஆக்சிஜன் 93. ஈசிஜில கீழ்ப்பக்க லீடுகள்ல எஸ்டி ஏறியிருக்கு. ஆஸ்பிரின் குடுத்தாச்சு, ஐவி லைன் போட்டாச்சு. 12 நிமிஷத்துல வர்றோம்." இவ்வளவுதான். (லீடுன்னா ஈசிஜி இதயத்த பாக்கற ஒரு கோணம், கீழ்ப்பக்க லீடுல எஸ்டி ஏறினா அது கீழ்ப்பக்க மாரடைப்போட அடையாளம்.) இத கேட்ட உடனே அங்க கேத் லேப் (இதய ரத்தக்குழாய் அடைப்ப திறக்கற இடம்) ஆளுங்கள கூப்பிடலாமா, எந்த பெட்டை காலி பண்றதுன்னு முடிவு எடுக்க முடியும். போன மாசம் பல்லு வலிக்கு மாத்திரை போட்டது இதுல வேண்டாம்.

காயம்பட்டவங்களுக்கு பிரிட்டன்ல ஒரு வரிசை வெச்சிருக்காங்க: வயசு, நடந்த நேரம், எப்படி அடிபட்டுச்சு, என்ன காயம், பல்ஸ் பிரஷர் மாதிரி அளவுகள், குடுத்த சிகிச்சை. பக்கவாதமா இருந்தா எல்லாத்துக்கும் மேல ஒரு கேள்வி இருக்கு, கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தாரு? ரத்தக்கட்டி கரைக்கற மருந்துக்கு வழக்கமா நாலரை மணி நேரம்தான் கணக்கு, அந்த கடிகாரம் அங்கேர்ந்துதான் ஓடுது. ராத்திரி தூங்கி காலைல எழும்போது இப்படி இருந்தாருன்னா, எழுந்த நேரத்த சொல்லக்கூடாது, தூங்கப் போன நேரத்த சொல்லணும்.

எங்கப்பா மூச்சுக்கு தவிக்கறாரு, அந்த நேரத்துல அவர பாக்காம மைக்குல என்ன பேச்சு?

இது வண்டில கூட வந்தவங்க கேட்டது, கேட்டதுல தப்பே இல்ல. ஆனா அந்த அரை நிமிஷம் உங்கப்பாவுக்காகத்தான் செலவாகுது. சொல்லாம போனா ஆஸ்பத்திரி வாசல்லதான் ஸ்ட்ரெச்சர் தேடணும், டாக்டர கூப்பிடணும், மூச்சுக்குழாய் போடறவர் வேற மாடியில இருப்பாரு. மாரடைப்புல முதல் மருத்துவ உதவி வந்து சேர்ந்ததுலேர்ந்து அடைப்ப திறக்கற வரைக்கும் 90 நிமிஷத்துக்குள்ள முடிக்கணும்னு வழிகாட்டுதல் இருக்கு, வண்டிலேர்ந்து முன்கூட்டியே சொல்லாம அந்த கணக்க எட்டறது ரொம்ப கஷ்டம்.

நல்ல பாராமெடிக் முதல்ல மூச்சு, ரத்தப்போக்கு ரெண்டையும் பாத்துட்டுதான் மைக்க எடுப்பாரு. ரெண்டு பேர் பின்னாடி இருந்தா ஒருத்தர் பேசுவாரு, இன்னொருத்தர் கை நோயாளி மேல இருக்கும்.

பேர் சொல்லலாமா? யார் வேணா ஒட்டுக் கேக்கலாமாமே?

பேர், வீட்டு நம்பர், ஆள அடையாளம் காட்டற எதையும் சொல்லாதீங்க. பழைய அனலாக் சேனல ஒரு சாதாரண ஸ்கேனர் வெச்சு யார் வேணாலும் கேக்கலாம், சில நாட்டுல அது சட்டப்படி சரி, சில நாட்டுல குற்றம், ஆனா குற்றம்னு சொல்றதால காது அடைச்சுடாது. வயசு, ஆணா பெண்ணா, பிரச்சினை, இது போதும். டிஜிட்டல்ல என்கிரிப்ஷன் (மத்தவங்களுக்கு புரியாதபடி பேச்ச பூட்டறது) போட்டிருந்தாலும் இதே பழக்கம் நல்லது, ஏன்னா ஆஸ்பத்திரி பக்கம் அது ஸ்பீக்கர்ல வருது, வெளில உக்காந்திருக்கறவங்களுக்கும் கேக்கும்.

சேனல் சேனல்னு சொல்றாங்களே, அது எந்த ஃப்ரீக்வென்சி?

அமெரிக்கா கதைய சொன்னா புரியும். 1966-ல அவங்க தேசிய அறிவியல் அகாடமி விபத்து மரணங்கள பத்தி ஒரு அறிக்கை குடுத்துச்சு, ஆம்புலன்ஸுக்கும் எமர்ஜென்சி வார்டுக்கும் நடுவுல குரல் தொடர்பு வேணும், அதுக்கு சேனல் ஒதுக்கணும்னு அதுல கேட்டிருந்தாங்க. அந்த காலத்துல 155.340 மெகா ஹெர்ட்ஸ்ங்கற ஒரே விஎச்எஃப் (கொஞ்சம் தாழ்ந்த ஃப்ரீக்வென்சி வகை) சேனல பல ஆஸ்பத்திரி பங்கு போட்டுக்கிட்டு இருந்துச்சு. 1974-ல யுஎச்எஃப்ல (அதவிட உயர்ந்த ஃப்ரீக்வென்சி வகை) மெட் சேனல்னு தனியா ஒதுக்கினாங்க. மெட் 1 லேர்ந்து மெட் 8 வரைக்கும் ஆஸ்பத்திரி பேச்சுக்கு, 9-ம் 10-ம் வண்டிகள ஒருங்கிணைக்கறதுக்கு. ஆஸ்பத்திரி பக்கம் 463.000 லேர்ந்து 463.175 வரைக்கும் பேசும், வண்டி அதுக்கு சரியா 5 மெகா ஹெர்ட்ஸ் மேல 468-ல பேசும்.

விஎச்எஃப் அலை கிட்டத்தட்ட ரெண்டு மீட்டர் நீளம், திறந்த வெளில, மேடு பள்ளத்துல தூரம் போகும். யுஎச்எஃப் அலை 65 சென்டிமீட்டர், ஜன்னல் கதவு சந்துல நுழைஞ்சு கட்டடத்துக்குள்ள நல்லா போகும். அதனாலதான் நகரத்துல யுஎச்எஃப், பரந்த கிராமப்புறத்துல விஎச்எஃப்னு பொதுவா பாக்கறோம்.

வண்டி ஒரு ஃப்ரீக்வென்சி, ஆஸ்பத்திரி இன்னொரு ஃப்ரீக்வென்சி, எதுக்கு ரெண்டு?

ரெண்டு காரணம். ஒண்ணு, ரெண்டு பேரும் போன் மாதிரி ஒரே நேரத்துல பேசிக்க வழி இருக்கு, டாக்டர் நடுவுல குறுக்கிட்டு நிறுத்துங்கன்னு சொல்லலாம். இன்னொண்ணு ரிப்பீட்டர். மலை மேலயோ உயரமான கட்டடத்துலயோ ஒரு கருவி உக்காந்து உங்க குரல ஒரு ஃப்ரீக்வென்சில வாங்கி அதே நொடில இன்னொண்ணுல பலமா திருப்பி அனுப்பும். வாங்கறதும் அனுப்பறதும் ஒண்ணா இருந்தா அது தன் குரலையே கேட்டு செவிடாயிடும். கைல இருக்கற வாக்கி 4, 5 வாட்தான், அது நகரம் முழுக்க கேக்குதுன்னா ரிப்பீட்டர் புண்ணியம்.

பட்டன அமுக்கிப் பேசறேன், ஆனா முதல் வார்த்தை எப்பவும் போகவே மாட்டேங்குதுன்னு சொல்றாங்க, செட்டு கெட்டுப் போச்சா?

பெரும்பாலும் செட்டு நல்லா இருக்கு. நீங்க அமுக்கினதும் ரிப்பீட்டர் முழிச்சுக்கணும், ட்ரங்கிங் சிஸ்டமா (பல பேர் சேனல்கள பங்கு போட்டுக்கற முறை) இருந்தா உங்களுக்கு ஒரு சேனல் ஒதுக்கி ஒரு சின்ன பீப் சத்தம் குடுக்கும். அதுக்கு முன்னாடி பேசினது காத்தோட போச்சு. அமுக்கு, ஒரு செகண்ட் விடு, அப்புறம் பேசு. முடிச்சதும் கடைசி எழுத்து வர்றதுக்குள்ள விரல எடுக்காதீங்க.

மைக்க வாய்லேர்ந்து நாலஞ்சு சென்டிமீட்டர் தள்ளி பிடிங்க, கத்தாதீங்க, கத்தினா எஃப்எம்ல (இந்த ரேடியோக்கள்ல குரல் போற முறை) குரல் உடைஞ்சுதான் போகும். முடிஞ்சா அந்த கொஞ்ச நேரத்துக்கு சைரன் சத்தம் மைக்குல ஏறாத மாதிரி ஜன்னல ஏத்திக்கோங்க.

ரெண்டு வண்டி ஒரே நேரத்துல பேசினா என்ன ஆகும்?

எஃப்எம்ல பலமான சிக்னல் ஜெயிக்கும், பலவீனமானது காணாமலே போயிடும், ரெண்டும் சமமா இருந்தா கீச்சுன்னு சத்தம்தான் வரும், ஒரு வார்த்தையும் புரியாது. இதுல ஆபத்து என்னன்னா தோத்துப் போனவருக்கு தன் குரல் போகலன்னே தெரியாது, சொல்லிட்டோம்னு நினைச்சு வண்டிய ஓட்டிட்டு போவாரு. அதனாலதான் ஆஸ்பத்திரி பதில் சொல்லி நீங்க காதால கேக்கற வரைக்கும் தகவல் போகலன்னே வெச்சுக்கணும். பேசறதுக்கு முன்னாடி ரெண்டு செகண்ட் சும்மா கேளுங்க, யாராவது நடுவுல இருப்பாங்க.

ஊர்ல பத்து ஆஸ்பத்திரி இருக்கு, நான் பேசறது சரியான ஆஸ்பத்திரிக்கு எப்படி போகுது?

பழைய முறைல ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு டோன் நம்பர், நீங்க அந்த நம்பர அமுக்கினா அந்த ஆஸ்பத்திரி ஸ்பீக்கர் மட்டும் திறக்கும், மத்தவங்க ஸ்பீக்கர் அமைதியா இருக்கும். இன்னொரு முறைல குரலுக்கு அடியிலேயே காதுக்கு சரியா கேக்காத ஒரு தாழ்ந்த டோன் கூடவே போகும், அது பொருந்தினா மட்டும் எதிர்பக்கம் திறக்கும். பெரிய நகரங்கள்ல நடுவுல ஒரு ஆளே இருப்பாங்க, நீங்க ஆஸ்பத்திரி பேர சொன்னா காலியா இருக்கற சேனல குடுத்து இணைச்சு விடுவாங்க. டிஜிட்டல்ல ஆஸ்பத்திரிக்கு ஒரு டாக் குரூப் (ஒண்ணா பேசிக்கறவங்களோட குழு), பேர தேர்ந்தெடுத்தா போதும்.

எந்த முறையா இருந்தாலும் முதல் வார்த்தை கூப்பிடற ஆஸ்பத்திரி பேர், ரெண்டாவது உங்க வண்டி நம்பர். அவங்க "சொல்லுங்க"ன்னு சொன்னதுக்கு அப்புறம்தான் நோயாளி.

ஈசிஜியே ரேடியோல போகுமாமே, நிஜமா?

போகும், புதுசும் இல்ல. 1966-ல பெல்ஃபாஸ்ட்ல ஃப்ராங்க் பான்ட்ரிட்ஜ்ங்கற இதய டாக்டர், ஒரு டாக்டரையும் டிஃபிப்ரிலேட்டரையும் (தாறுமாறா துடிக்கற இதயத்துக்கு ஷாக் குடுக்கற கருவி) வண்டில ஏத்தி நோயாளி வீட்டுக்கே அனுப்பினாரு. எல்லா வண்டிக்கும் டாக்டர் கிடைக்க மாட்டாரே, அதனால மயாமில யூஜின் நேகல்ங்கற டாக்டர் 1967 வாக்குல தீயணைப்பு மீட்பு வண்டிலேர்ந்து ஈசிஜிய ரேடியோல ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வெச்சாரு, டாக்டர் அங்கேர்ந்தே பாத்து சொன்னாரு. இதயத்தோட மின்சார ஏற்ற இறக்கத்த ஒரு சத்தத்தோட ஏற்ற இறக்கமா மாத்தி குரல் போற அதே சேனல்ல அனுப்பறது, அந்தப் பக்கம் அத மறுபடி கோடா வரையறது, அவ்வளவுதான் விஷயம். வண்டி குலுங்கினா கோடும் குலுங்கும்.

இப்ப 12 லீட் ஈசிஜி பெரும்பாலும் மொபைல் டேட்டால ஒரு ஃபைலா போகுது, ரேடியோல குரல் மட்டும். ஆனா ஃபைல அனுப்பிட்டு சும்மா இருந்துடாதீங்க, அனுப்பியிருக்கேன் பாத்தீங்களான்னு குரல்ல கேளுங்க. யாரும் திறந்து பாக்காத ஈசிஜியால நோயாளிக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல.

டாக்டர் ரேடியோல சொன்னா மருந்து குடுத்துடலாமா? தப்பா காதுல விழுந்தா?

அந்தந்த இடத்து விதி அனுமதிச்சா குடுக்கலாம், ஆனா திருப்பி சொல்லாம குடுக்கக்கூடாது. மருந்து பேர், அளவு, எந்த வழி, மூணையும் நீங்க திருப்பி சொல்லணும், டாக்டர் சரின்னு சொல்லணும், அப்புறம்தான் கை சிரிஞ்சுக்கு போகணும். "மார்ஃபின் 2 மில்லிகிராம், நரம்பு வழியா, மெதுவா, சரியா?" இத கேக்க வெக்கப்படறவங்கள பாத்திருக்கேன், தயவுசெஞ்சு வெக்கப்படாதீங்க. கரகரப்புல இருபதும் அறுபதும் ஒண்ணாத்தான் கேக்கும், இங்கிலீஷ்ல சொன்னா ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் அப்படித்தான். எண்ண சொல்லிட்டு இலக்கத்தையும் தனித்தனியா சொல்லுங்க: பதினஞ்சு, ஒண்ணு அஞ்சு.

டாக்டர் சொல்றது தப்புன்னு தோணுதே, அப்பவும் செய்யணுமா?

மேல சொன்ன 68 வயசுக்காரரையே எடுத்துக்கோங்க. வார்டுல கூட்டம், டாக்டர் காதுல நெஞ்சு வலி மட்டும் விழுந்துச்சு, நைட்ரோகிளிசரின் குடுங்கன்னு சொல்றாரு. ஆனா பிரஷர் 96, ஈசிஜில கீழ்ப்பக்க மாரடைப்பு, வலது பக்க இதயமும் சேர்ந்து அடிபட்டிருந்தா அந்த மருந்து பிரஷர இன்னும் பாதாளத்துக்கு இறக்கிடும். அப்ப சண்டை போட வேண்டாம், விவரத்த திருப்பி குடுங்க: "டாக்டர், பிரஷர் 96-க்கு 60, கீழ்ப்பக்க லீடுல எஸ்டி ஏறியிருக்கு, நைட்ரோகிளிசரின் குடுக்கட்டுமா?" பத்துல ஒன்பது தடவை அங்கேர்ந்து வேண்டாம், வலது பக்க லீட் போட்டு பாருங்கன்னு வந்துடும்.

அப்பவும் அதே உத்தரவு வந்தா, ஆபத்துன்னு உறுதியா தெரிஞ்சத செய்ய மாட்டேன்னு காரணத்தோட மரியாதையா சொல்லலாம், இந்த உரிமைய நிறைய இடத்து நடைமுறைல எழுதியே வெச்சிருக்காங்க. பேச்சு பதிவாகற சேனல்தான் நிறைய, அது ரெண்டு பக்கத்துக்கும் பாதுகாப்பு.

நடு வழில சிக்னல் போச்சு, அனுமதி கேக்க முடியல. சும்மா உக்காந்திருக்கறதா?

இல்ல. டாக்டர்கிட்ட கேக்காமலே என்னென்ன செய்யலாம்னு முன்கூட்டியே எழுதி வெச்ச நிலையான உத்தரவு இருக்கும், மூச்சு நின்னா, ஃபிட்ஸ் வந்தா, அலர்ஜில தொண்டை அடைச்சா யாரும் மைக்க தேட மாட்டாங்க. தொடர்பு அறுந்தா மட்டும் கூடுதலா என்ன செய்யலாம்னும் சில இடத்துல தனியா எழுதியிருப்பாங்க. உங்க இடத்து உத்தரவ இன்னிக்கே படிச்சு வெச்சுக்கோங்க, சிக்னல் போன அப்புறம் படிக்க நேரம் இருக்காது.

அது வரைக்கும் வேற சேனல், வண்டி ரேடியோ, போன், கன்ட்ரோல் ரூம் மூலமா தகவல்னு ஒவ்வொண்ணா முயற்சி பண்ணுங்க. கை வாக்கிய விட வண்டி ரேடியோவுக்கு பவர் பல மடங்கு அதிகம், ஆன்டெனாவும் கூரை மேல இருக்கு. அடித்தளம், லிஃப்ட், சுரங்கப்பாதைல யாருக்கும் எடுக்காது, வெளில வந்து பேசுங்க.

பஸ் கவுந்து நாப்பது பேர் அடிபட்டா எல்லா வண்டியும் தனித்தனியா ரிப்போர்ட் பண்ணுமா?

பண்ணினா அந்த சேனல் அஞ்சு நிமிஷத்துல செத்துடும். அந்த நேரத்துல சம்பவ இடத்துல ஒருத்தர் மட்டும் ஆஸ்பத்திரிகளோட பேசணும். முதல்ல ஒவ்வொரு ஆஸ்பத்திரிகிட்டயும் எத்தனை சிவப்பு, எத்தனை மஞ்சள், எத்தனை பச்சை (சிவப்பு உடனே பாக்க வேண்டியவங்க, மஞ்சள் கொஞ்சம் காத்திருக்கலாம், பச்சை லேசான காயம்) வாங்க முடியும்னு கேட்டு வாங்குவாரு. அப்புறம் ஒவ்வொரு வண்டி கிளம்பும்போதும் "ஒரு சிவப்பு, ரெண்டு பச்சை, 10 நிமிஷம்"னு மட்டும் சொல்லுவாரு. நாலாவது கேள்வில சொன்ன முழு ரிப்போர்ட் இங்க கிடையாது, வண்டிக்காரங்க மைக்க தொடாம இருக்கறதே பெரிய உதவி.

இது இல்லாம போனா என்ன ஆகும்னா, எல்லா வண்டியும் பக்கத்துல இருக்கற ஒரே ஆஸ்பத்திரிக்கு போயி குமிஞ்சுடும், கொஞ்சம் தள்ளி இருக்கற ஆஸ்பத்திரில டாக்டருங்க வாசல பாத்துட்டு நின்னுட்டு இருப்பாங்க. ரத்தம் கொட்டற ஆள் சுளுக்கு வந்தவருக்கு பின்னாடி வரிசைல நிப்பாரு. அடிபட்டவங்கள பிரிச்சு அனுப்பறதுக்கு இந்த ஒரு குரல்தான் வழி, அதனாலதான் இதுக்கு ஒத்திகை வேணும்னு அடிச்சு சொல்றேன்.

ஆஸ்பத்திரி "பெட் இல்ல, வேற எங்கயாவது போங்க"ன்னு ரேடியோல சொன்னா?

இத வண்டி ஏறினதும் சீக்கிரமே தெரிஞ்சுக்கறதுதான் ரேடியோவோட ஒரு பெரிய பலன், வாசல்ல போயி தெரிஞ்சுக்கறது கொடுமை. நோயாளி தாங்குவாருன்னா அடுத்த ஆஸ்பத்திரிக்கு அப்பவே பேசிட்டு திரும்புங்க. மூச்சுவழி அடைச்சு இருக்கு, இதயம் நின்னு நின்னு வருதுன்னா அத அப்படியே சொல்லி பக்கத்துல இருக்கறதுக்குத்தான் வர்றோம்னு சொல்லுங்க. திருப்பி விடறதுக்கு எது எல்லைன்னு உங்க இடத்து விதில இருக்கும்.

ஹெலிகாப்டர்லயும் இதே சேனல்தானா?

சேனல் அதேயா இருக்கலாம், ஆனா கவனிக்க வேண்டியது வேற. மேல பறக்கறவங்க குரல் ரொம்ப தூரம் போகும், ஒரே ஃப்ரீக்வென்சி வெச்சிருக்கற ரெண்டு மூணு ஊர் ரிப்பீட்டர ஒரே அடில எழுப்பி விட்டுடும். அதனால கம்மி பவர். இறங்கற இடத்துல கம்பி, மரம், காத்து பத்தி சொல்ற பேச்சுக்கு நேரடி சேனல் தனியா வெச்சுக்கறது நல்லது.

எல்லாம் டிஜிட்டல் ஆயிடுச்சே, சீக்கிரம் எல்லாமே 4ஜி 5ஜிக்கு போயிடும்தானே?

பாதி போயாச்சு. பிரிட்டன்ல ஆம்புலன்ஸ், போலீஸ், தீயணைப்பு மூணும் ஏர்வேவ்னு ஒரே டெட்ரா (டிஜிட்டல் ரேடியோ) நெட்வொர்க்ல இருக்காங்க, எமர்ஜென்சி பட்டன், என்கிரிப்ஷன் எல்லாம் உண்டு. அமெரிக்கால 2012 சட்டத்துல ஃபர்ஸ்ட்நெட்ங்கற மொபைல் நெட்வொர்க் உருவாச்சு, மீட்புப் பணிக்குன்னே 700 மெகா ஹெர்ட்ஸ்ல தனி இடம். முதல் கேள்வில சொன்ன டவர் திணறல் பிரச்சினைக்கு இது ஒரு பதில், ஏன்னா கூட்டத்துல இவங்களுக்கு முன்னுரிமை கிடைக்குது.

ஆனாலும் எல்லா டவரும் விழுந்த அப்புறம் ரெண்டு செட்டு நேரா பேசிக்கற வசதி பழைய ரேடியோ மாதிரி போன்ல வர்றதில்ல. அனலாக்ல சிக்னல் குறைஞ்சா கரகரப்புக்கு நடுவுல பாதி புரியும், டிஜிட்டல்ல கடைசி வரைக்கும் தெளிவா இருந்துட்டு திடீர்னு ஒண்ணுமே இருக்காது. இத தெரியாம "இப்பதானே நல்லா கேட்டுச்சு"ன்னு குழம்பறவங்க நிறைய.

ரேடியோல எல்லாம் சொல்லியாச்சு, வாசல்ல மறுபடி எதுக்கு சொல்லணும்?

ரேடியோல கேட்டவரும் நோயாளிய வாங்கறவரும் ஒரே ஆளா இருக்கணும்னு இல்ல. அதோட 12 நிமிஷத்துல பிரஷர் 96-லேர்ந்து 80 ஆயிருக்கலாம், நீங்க ரெண்டாவது பாட்டில் சலைன் போட்டிருக்கலாம். அதனால நேர்ல முழுசா சொல்லுங்க, ரேடியோல சொன்னதுக்கு அப்புறம் என்ன மாறுச்சோ அத முதல்ல சொல்லுங்க. நிலைமை வழிலேயே ரொம்ப மோசமாச்சுன்னா வாசல் வரைக்கும் காத்திருக்காம இன்னொரு தடவை மைக்க எடுங்க, அதுக்கு பத்து செகண்ட் போதும்.